கப்பலில் போட்ட துண்டு

பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் என் கணவரை மிஞ்ச ஆளில்லை. சிங்கப்பூரில் ஏறிய உல்லாசக் கப்பலிலும் அந்தப் புத்தியை அவர் விடவில்லை.

சீனர்கள், மலாய்க்காரர்கள், ஆஸ்திரேலியர்கள் என்று உலகமே ஏறியிருந்தது. சாயங்கால மேஜிக் ஷோவுக்கு வெகுநேரம் முன்பே போய், முன்வரிசையில் தன் பச்சைக்கரைத் துண்டை விரித்துவிட்டு வந்தார். திரும்பிப் போனால் அங்கே ஒரு சீனக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. துண்டைக் காணோம்.

"துண்டு கெடந்தா ஆளு வருதுன்னு தெரியாதா இவங்களுக்கு?" என்று என்னிடம் கத்தினார்.

"பேசாம வாங்க, மானம் போகுது."

தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. மேஜிக்கைப் பார்க்கவில்லை, இவர் புலம்பலைத்தான் கேட்டேன்.

அறைக்கு வந்தால், அதே பச்சைக்கரைத் துண்டு யானையாக மடிக்கப்பட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அறையைச் சுத்தம் செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் தினமும் கப்பல் துண்டுகளை முயலாகவும் அன்னமாகவும் மடித்து வைப்பவர். முன்வரிசையில் கிடந்ததை யாரோ எடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலில் தோளில் துண்டோடு திரிந்தவர் இவர் ஒருவர்தானே, யாருடையது என்று கண்டுபிடிக்கவா கஷ்டம்?

இனியாவது புத்தி வரும் என்று நினைத்தேன். மறுநாள் ஷோவுக்கு அந்த யானையைக் கலையாமல் ஏந்திக்கொண்டு போய் முன்வரிசை நாற்காலியில் வைத்தார்.

ஒருவரும் அதைத் தொடவில்லை. பக்கத்து இடங்களையும் விட்டுவிட்டு, சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள்.

"பாத்தியா, எம்புட்டு மரியாதை! உக்காரு" என்றார்.

இனி இந்த மனுஷனை யார் திருத்துவது?