பின்னால் வந்தால் கழி

அன்று கடையில் இருந்தவர்கள்: நான். பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புரோகிராம் எழுதியவள். அவளோடு படிக்கிற பையன் ஒருவன், ஒயரைப் பற்றவைத்தவன். சாலவாக்கம் பக்கத்திலிருந்து எரிந்த பம்ப்செட் மோட்டாரைக் கொண்டு வந்த அக்கா. ஐந்து பேர். பெஞ்சின் மேல் மோட்டார்.

கடை உத்திரமேரூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் வேலை. ஏழாவதோடு படிப்பு நின்றது. முப்பது வருஷமாக இதே வேலை.

இதில் எண்ணிக்கைதான் எல்லாம். கைப்பிடிச் சக்கரத்தில் மாட்டிய மர அச்சின் மேல் செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று என்று உண்டு. குறைந்தால் மோட்டார் சூடாகி மறுபடி எரியும். கூடினால் உள்ளே அடங்காது. நான் வாயால் எண்ணுவேன். ஒன்று என்று சொல்ல மாட்டேன், லாபம் என்பேன். நெல் அளக்கிற வீட்டில் வளர்ந்த பழக்கம். லாபம், இரண்டு, மூன்று, இப்படிப் போகும். எண்ணும்போது பேச முடியாது. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவேன். ஊரில் எனக்கு ஊமை மெக்கானிக் என்று பேர். பிறகு சுற்றாத நேரத்திலும் பேச்சு குறைந்து போனது.

தை மாதம் ஒரு மோட்டார் திரும்பி வந்தது. நான் கட்டியதுதான். பத்து நாளில் இன்னொன்று. பிரித்து எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு காயிலில் நான்கு சுற்று குறைவு. மற்றதில் மூன்று. கம்பி நல்ல கம்பி. கரண்ட்டும் சரியாகத்தான் வந்திருந்தது. என் எண்ணிக்கை தப்பியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி கட்டிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் கடைக்கு வந்தார். பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லிக் கொடுக்கிறாராம். வண்டியின் சின்ன மோட்டாரை எரித்துவிட்டார்களாம். பார்த்துச் சரி செய்தேன். சனிக்கிழமை வந்து ஒயர் பற்றவைக்கக் காட்டுங்கள் என்றார். போனேன்.

பிள்ளைகள் செய்த வண்டி சுவரைப் பார்த்தால் நிற்க வேண்டும். முதல் சனிக்கிழமை அது நேராகப் போய் சுவரில் முட்டியது. டீச்சர் திட்டவில்லை.

"அது நீ சொன்னதைத்தான் செஞ்சுது. நீ என்ன சொல்லியிருக்கேன்னு பாரு" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. புரோகிராம் என்றால் வரிவரியாக உத்தரவு. இது நடந்தால் அதைச் செய். மோட்டார் ஸ்டார்ட்டரும் அப்படித்தான். அதனால் எனக்குப் புரிந்தது.

நான்காவது சனிக்கிழமை கேட்டேன். "சுத்து எண்றதுக்கு ஒரு பொட்டி செய்ய முடியுமா?"

ஏன் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் செய்துவிட்டார்கள். சுழலும் சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம். பக்கத்தில் ஒரு சென்சார். காந்தம் அதைத் தாண்டும்போதெல்லாம் திரையில் ஒன்று ஏறும். சைக்கிளைக் கவிழ்த்து, பின்சக்கரத்தில் காந்தத்தை ஒட்டி, நூறு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். நூறு காட்டியது. கடைக்குக் கொண்டு வந்து என் சக்கரத்தில் மாட்டினார்கள்.

அன்று அக்காவும் வந்திருந்தார். அவர் கழனியில் பயிர் பொதி கட்டி, கதிர் வெளிவரும் பருவத்தில் நிற்கிறது. பக்கத்துக் கழனிக்காரர் இரண்டு நாள் தண்ணீர் விட்டார். இனி விட மாட்டார்.

"மூணு நாளு, நைனா. அதுக்கு மேல தாங்காது. கதிரு பதரா பூடும்" என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஏரிக்கரை கயனியா? எங்கம்மா தான் நட்டுச்சு."

"அட, நீ அவ பொண்ணா? மூஞ்சி அப்படியே கீது. நீ இன்னா இங்க பண்ணிக்கினு கீற?"

"எண்ற பொட்டி செஞ்சிருக்கோம்."

"எண்றதுக்குப் பொட்டியா? நல்லா கீது போ. ஊமைக்கு வாய் வாங்கியாந்தீங்களா?"

பையன் சிரித்தான். நான் அச்சை மாட்டினேன்.

இந்த மோட்டாருக்குப் பதினெட்டு காயில். ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு சுற்று. முதல் காயிலைச் சுற்றினேன். வாயால் எண்ணினேன். நாற்பத்தாறில் நிறுத்தினேன். திரையில் ஐம்பத்திரண்டு.

பிறகு பையன் மெதுவாகச் சொன்னான். "மாமா தான் வுட்டுட்டு எண்ணியிருப்பாரு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "இருக்கும். ரெண்டு மோட்டார் திரும்பி வந்துச்சு. அதான் பொட்டி கேட்டேன்."

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தார். "இன்னா நைனா சொல்ற? என் மோட்டாரும் திரும்பி வருமா?"

காயிலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். பிரித்தால் எனாமல் உரியும், அந்தக் கம்பி மறுபடி உதவாது. பரவாயில்லை, பிரித்து எண்ணு என்றேன். அவள் ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க, பையன் சாக்பீஸால் தரையில் கோடு போட்டான். ஐந்து ஐந்தாகக் கட்டி எண்ணினார்கள்.

நாற்பத்தாறு.

எண்ணிக்கை தப்பவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே காட்டவில்லை. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"சைக்கிள்ல கரெக்டா காட்டுச்சு மிஸ்."

"சைக்கிளுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அதைத் தேடு" என்றார் டீச்சர்.

இரண்டாவது காயிலைச் சுற்றினேன். என் கணக்கு நாற்பத்தாறு. பெட்டி ஐம்பத்து நான்கு. அவள் நோட்டில் எழுதிப் பார்த்தாள்.

"மொதல்ல ஆறு சாஸ்தி. இப்ப எட்டு. ரெண்டு ரெண்டா ஏறுது." என்னைப் பார்த்தாள். "மாமா, மெதுவா சுத்துங்க."

மூன்றாவதை மெதுவாகச் சுற்றினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பன்னிரண்டாவது சுற்றில் கத்தினாள்.

"ஏன் மாமா பின்னால வர்றீங்க?"

"எங்க வந்தேன்?"

"இப்ப வந்தீங்க. கைப்புடிய பின்னால இழுத்தீங்க. காந்தம் பின்னால ஒருவாட்டி தாண்டுச்சு, திரும்ப முன்னால ஒருவாட்டி தாண்டுச்சு. ரெண்டு ஏறிடுச்சு."

மறுபடி சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். கம்பி தளரும்போது கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து இறுக்குகிறேன். முப்பது வருஷமாகச் செய்கிறேன். எனக்கே தெரியாது.

"அப்ப பின்னால வராம சுத்துங்க" என்றான் பையன்.

முயற்சி செய்தேன். காயில் தொளதொளவென்று வந்தது. அச்சிலிருந்து எடுத்ததும் கலைந்தது. அக்கா அதை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது இன்னா, நூல்கண்டு மாரி கீது? அவரு கைய வுடுங்கடா. பொட்டிக்குப் புத்தி சொல்லுங்க."

பின்னால் இழுக்கிற சுற்றை என் வாய் எப்படி விட்டுவிடுகிறது என்று யோசித்தேன். வாய்க்குக் கை போகும் பக்கம் தெரிகிறது. பெட்டிக்குத் தெரியவில்லை.

"முன்னால போனா ஒண்ணு கூட்டு. பின்னால வந்தா ஒண்ணு கழி" என்றேன்.

டீச்சர் சிரித்தார். "அண்ணா, நீங்க இப்ப சொன்னதுதான் புரோகிராம். ஆனா ஒரே சென்சார். அதுக்கு எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியாதே."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்தாள். கையால் அதை முன்னே தள்ளினாள், பின்னே தள்ளினாள். "இன்னொன்னு வெச்சா மிஸ்? பக்கத்துல பக்கத்துல ரெண்டு. இது மொதல்ல பாத்து அது அப்புறம் பாத்தா முன்னால. அது மொதல்ல பாத்தா பின்னால."

டீச்சர் பையைத் திறந்தார். இன்னொரு சென்சார் இருந்தது. பையன் பற்றவைத்தான். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டான். அவள் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து எழுதினாள். கழி என்கிற வரியை எழுதும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்தது. கழித்தல் குறி மட்டும் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது காயிலை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். முதல் சுற்றில் திரையில் எண் வரவில்லை. ஆங்கில எழுத்தில் லாபம் என்று வந்தது. பையனின் வேலை. அக்காவுக்கு டீச்சர் படித்துச் சொன்னார்.

"பொட்டி நம்மூரு பொட்டிதான்" என்றார் அக்கா. பிறகுதான் உட்கார்ந்தார்.

மூன்றாவது, என் கணக்கும் பெட்டியும் நாற்பத்தாறு. நான்காவதும் அப்படியே. ஐந்தாவதும் அப்படியே. பிரித்துப் போட்ட முதல் காயிலுக்குப் பதில் இன்னொன்றும் சுற்றினேன், அதுவும் நாற்பத்தாறு.

ஆறாவதில் பாதி சுற்றும்போது அக்கா கேட்டார். "டீ சொல்லட்டா, நைனா?"

"சொல்லுக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. எண்ணிக்கை வாயிலிருந்து போய்விட்டது. இப்படி ஆனால் அவிழ்த்துவிட்டு புதுக் கம்பியில் மறுபடி சுற்றுவதுதான் வழக்கம். கை நின்றது. திரையைப் பார்த்தேன். முப்பத்தொன்று. அந்தப் பெண்ணும் திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகம் இல்லை. தொடர்ந்து சுற்றினேன்.

அதற்குப் பிறகு பேசிக்கொண்டே சுற்றினேன். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். பையனின் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"யம்மா, இவருக்குப் பேச வருது!" என்றார் அக்கா. "இத்தினி வருசம் ஏமாத்திக்கினு கீறாரு பாரு."

சாயங்காலம் பதினெட்டாவது. அதை ஒரு சுற்றுகூட எண்ணவில்லை. டீச்சர் ரோபோ வண்டியைப் பற்றி ஏதோ கேட்டார், நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். நாலைந்து முறை பின்னால் இழுத்திருப்பேன். திரையில் நாற்பத்தாறு வந்ததும் நிறுத்தினேன்.

அந்த மோட்டாரை மறுநாள் கொண்டுபோய் மாட்டினேன். இன்றுவரை திரும்பி வரவில்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் அது யாருக்கும் தெரியாது. பதினெட்டாவது காயிலை மோட்டாருக்குள் வைக்கப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"நீ எண்ணல, நைனா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"எண்ணல" என்றேன்.

"என் பயிரு போனா இந்தப் பொட்டியா வந்து நடும்?"

அந்தப் பெண் என் கையிலிருந்து காயிலை வாங்கினாள். "பிரிச்சிப் பாத்துடலாம் மாமா. தப்பா இருந்தா, எல்லாத்தையும் பிரிச்சிடலாம்."

கம்பி இன்னும் ஒரு காயிலுக்கு இருந்தது. சரி என்றேன்.

பையன் சாக்பீஸை எடுத்தான். அக்கா ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் பிரிக்கத் தொடங்கினாள். சத்தமாக எண்ணினாள். லாபம், இரண்டு, மூன்று. பாதிக்கு மேல் அக்காவும் சேர்ந்து எண்ணினார். கடைசிச் சுற்று கையை விட்டுத் தரையில் விழுந்தது.

நாற்பத்தாறு.