பரணில் வைத்த மாத்திரை

பருத்தியில் புழு விழுந்தால் யாரிடம் யோசனை கேட்போமோ, அதே பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் அப்பா தினமும் போடும் கொழுப்பு மாத்திரையைப் பற்றியும் கேட்ட மேதாவி நான்.

பாளையம்பட்டி அருகே பைக்கிலிருந்து விழுந்து அப்பாவுக்கு மண்டையில் தையல் போட்டிருந்தார்கள். "தலையில அடிபட்டவுகளுக்குக் கொழுப்பு மாத்திரை ஆகாதுப்பா, மறதி வந்துரும்" என்றார் கடைக்காரர். வேறு யாரிடமும் கேட்காமல் மாத்திரை அட்டைகளைப் பரணில் ஒளித்து வைத்தேன். அப்பா கேட்டபோது, "டாக்டரு நிப்பாட்டச் சொல்லிட்டாருப்பா" என்று புளுகினேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கொதித்துப்போனார். "யாரு நிப்பாட்டச் சொன்னது? தலையில அடிபட்டா இது ஆகாதுன்னு எவனாச்சும் சொன்னானா? நெஞ்சுக்கு இது கட்டாயம் வேணும். தலையில அடிபட்டவங்களுக்கு மறதி நோய் வர்ற வாய்ப்பைக்கூட இது குறைக்கலாம்னுதான் ஆராய்ச்சியில பேசிக்கிறாங்க, இன்னும் உறுதியாகலை."

என் வாய் கூசவில்லை. "அப்பாதான் போட மறந்திருப்பாக, சார்."

அப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "ஆமாங்கய்யா, மறந்துட்டேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்: "பரண்ல, வெண்கலப் பானைக்குப் பின்னாலதான வச்சிருக்க? வீட்டுக்குப் போனதும் எடுத்துக் குடு."

அவர் ஞாபகத்தைக் காப்பாற்றக் கிளம்பிய யோக்கியனின் மானத்தை அன்று அவர்தான் காப்பாற்றினார்.