தசரதனின் கடைவாய்ப் பல்

இரும்புலியூர் தசரதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வயலை விற்றுத் தண்ணீர் லாரி வாங்கிய குடும்பம். மேடவாக்கத்து அடுக்குமாடிகளில் பாதிப் பேர் குளிப்பது அவர் தண்ணீரில்தான். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

தங்கை அங்காளம்மாளின் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோனபோது, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை யாராவது தர வேண்டியிருந்தது; அண்ணனுடையதுதான் பொருந்தியது. "ஒடம்பு பூரா உனுக்குத்தான், எடுத்துக்கோ" என்றார். ரத்தம் ஊற வேண்டுமென்று அன்றே தின்னவும் தொடங்கினார். காலையில் ஆட்டு மண்ணீரலான சுவரொட்டி வறுவல், மதியம் நல்லி எலும்பு, மாலையில் கை நிறையப் பேரீச்சம்பழம். இதற்கிடையே சொத்தைக் கடைவாய்ப் பல் வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. பிடுங்கினால் ரத்தம் போகுமே, அது தங்கச்சிக்கு உரியதாயிற்றே என்று கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டார். புத்திசாலி இப்படி யோசிக்க மாட்டான், பாசக்காரன் யோசிப்பான்.

பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் ஸ்நேகா முகம் சுளித்தார்.

"சார், வயசு ஏற ஏற ஸ்டெம் செல் சோம்பிடும், அது இயற்கை. உள்ள அழற்சியும் இருந்தா ரொம்பக் களைச்சுப் போயிடும். உங்களுக்கு சுகர் ஏறியிருக்கு, அழற்சியும் ஏகத்துக்கு இருக்கு. இது ரெண்டும் இறங்காம ஸ்டெம் செல் எடுக்க முடியாது. என்னதான் சாப்பிடறீங்க?"

சொன்னார். பல்லையும் காட்டினார். டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அழற்சிக்கு அந்தப் பல்லுதான் காரணம், சுகருக்கு அந்தப் பேரீச்சம்பழம். உங்க தங்கைக்கு ஒரு மாசத்துக்கு மேல டைம் இல்ல சார்" என்றார்.

தங்கச்சி வாயில் நானே மண்ணைப் போடப் பார்த்தேனே என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று வாய்விட்டு அழுதார் தசரதன். அன்று மாலையே பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு கீரை, பயறு, மீன் குழம்பு, ஏரியைச் சுற்றி ஒரு மணி நேர நடை. மூன்று வாரத்தில் எல்லாம் இறங்கியது. ஸ்டெம் செல் பெருக ஐந்து நாள் ஊசி போட்டு, மெஷின் பக்கத்தில் உட்காரவைத்து ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்தார்கள். ஒரே நாளில் போதுமான அளவு கிடைத்து, தங்கைக்கு ஏற்றினார்கள்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. அங்காளம்மாள் தானே நடந்துபோய்க் கறி வாங்குகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனை உட்காரவைத்துச் சுவரொட்டி வறுவலைப் பரிமாறினாள்.

தசரதன் தட்டைத் தள்ளிவிட்டார்.

"இன்னாண்ணா? அதான் எல்லாம் முட்ஞ்சி போச்சே, இன்னும் இன்னா பத்தியம்?"

"இன்னொரு தபா உனுக்கு வேணும்னா?" என்றார் அவர். "டேங்க்கு சுத்தமா இருக்கட்டும். வூட்ல கீரை எதுனா கீதான்னு பாரு."