நாத்தனார் எங்கள் கடைக்கு ஆள் கூட்டி வந்த கதை

என் நாத்தனாருக்குச் சாப்பிடுவதுதான் வேலை. கேலி செய்யவில்லை, நிஜமாகவே அதுதான் பிழைப்பு. வெளியூர் ஆட்களை எங்கள் ஆற்றங்கரைச் சந்தைக்குள் கூட்டிப்போய், எந்தக் கடையில் எதைச் சாப்பிட வேண்டும் என்று காட்டுவார். ஒரு காலத்தில் படகுத்துறையில் காய்கறிக் கூடை சுமந்தவர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர், வழி கேட்டவர்களிடம் பேசிப் பேசியே நாலைந்து பாஷை கற்றுக்கொண்டார்.

ஆட்கள் வருவதற்கு முன்னால், காலையில் தனியாக ஒரு சுற்று வருவார். கடைக்குக் கடை ஒரு வாய், அதுவும் காசு கொடுத்துத்தான். எண்ணெய் பழசா, குழம்பு சூடுபடுத்தியதா என்று பார்ப்பார். வாய்க்குச் சரிப்படாத கடையை அன்றைக்குத் தாண்டிப் போய்விடுவார். முகதாட்சண்யமே கிடையாது. முறைத்துக்கொண்ட கடைக்காரரும் மறுநாள் ஒழுங்காகச் சமைத்துவிட்டு, அக்கா வருகிறாரா என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பார்.

இப்பேர்ப்பட்டவரின் கூடப்பிறந்த தம்பிதான் என் வீட்டுக்காரர். அதே சந்தையில் மீன் வறுத்து விற்கிறோம். எங்களுக்கு என்ன குறைச்சல் என்றுதானே நினைப்பீர்கள்? எங்கள் கடைக்கு மட்டும் அவர் ஒரு ஆளைக்கூடக் கூட்டி வந்ததில்லை. காலையில் வருவார், ஒரு துண்டு மீனைத் தின்பார், "நல்லாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா, நல்லா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தா என்ன? நாங்க இங்க ஈ ஓட்டிட்டு இருக்கோம்."

"மத்த கடைன்னா என் நாக்கை நான் நம்புவேன்மா. இவன் என் தம்பி. பாசத்துல என் நாக்கே எனக்குப் பொய் சொல்லிட்டா?"

என் வீட்டுக்காரர் அவர்பாட்டுக்குக் கரண்டியால் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் ஆறு ஏறி, கரையோரக் கடைகளில் முழங்கால் தண்ணீர் நின்றது. மேட்டில் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். ஆனால் ஐஸ் கொண்டுவரும் படகு வரவில்லை. கையில் இருந்தது முந்தின நாள் மீன்தான். காரத்தைத் தூக்கலாகப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று நான் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நனைந்த ஆட்கள் ஒரு பட்டாளத்தோடு அக்கா வந்து நின்றார். தண்ணீரில் அன்றைய சுற்றுக்கே அவரால் போக முடியவில்லை.

"எல்லாருக்கும் மீன் போடுடா. பசியில இருக்காங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்த் தட்டுகளைத் துடைத்தேன்.

"வேணாம்க்கா," என்றார் என் வீட்டுக்காரர். "ஐஸ் வரல. இருக்கறது நேத்து மீன். இதை இவங்களுக்குப் போட மாட்டேன். தெருக்கோடியில முட்டைக்கடை திறந்திருக்கு, அங்க கூட்டிட்டுப் போ."

அவர் முதுகில் நறுக்கென்று கிள்ளினேன். மனிதர் அசையவில்லை.

அக்கா வந்தவர்கள் பக்கம் திரும்பி, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அத்தனை பேரும் ஒருசேர என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தண்ணீர் வடிந்து, ஐஸும் புது மீனும் வந்த அன்று காலை, அக்கா வேறொரு கூட்டத்தோடு முதலில் எங்கள் கடைக்குத்தான் வந்தார்.

"அன்னைக்கு அவங்ககிட்ட என்னக்கா சொன்னீங்க?"

"இவன் என் தம்பின்னு சொன்னேன்."

இத்தனை நாள் பொருமியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோனது. இப்படி ஒரு அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் வாக்கப்பட்டதில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முதல் துண்டைத் தட்டில் வைத்து, ருசி பார்க்கச் சொல்லி அக்காவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"அவங்களுக்கே குடும்மா. சரியில்லைன்னா இவனே சொல்லியிருப்பான்."