தொட்டியில் எழுதிய பெயர்

செவ்வாய்க்கிழமை மாலை இருவரும் மொட்டைமாடியில் இருந்தார்கள். புதுத் தொட்டிக்கு மிதவை பொருத்தும் வேலை. இரண்டாயிரம் லிட்டர், வெள்ளை, பிளாஸ்டிக். முப்பத்தேழு வருடம் உழைத்த பழைய இரும்புத் தொட்டி அடியில் ஓட்டை விழுந்து கைப்பிடிச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. தீமா நட்டை இறுக்கினாள். அவளுடைய தந்தை இத்ரீஸ் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு மிதவைப் பந்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கையை எடுங்க பாபா. நான் பார்த்துக்கறேன்."

"நீ இறுக்கு பாபா. பந்து என் பொறுப்பு."

பாபா, அதாவது அப்பா, என்று அவள் அழைத்தால் அவரும் அவளைப் பாபா என்றே அழைப்பார். யார் யாருக்குத் தகப்பன் என்று வெளியாள் கேட்டால் குழம்பிப்போவான்.

கீழே, நகரத்தின் மலைகளில் ஒன்றான அஷ்ரஃபியா முழுவதும் வெள்ளைத் தொட்டிகள். எதிர்மாடியில் ஒருவன் புறாக்களைப் பறக்கவிட்டிருந்தான். அவை ஒரே கைக்குட்டையைப் போல மடிந்தும் விரிந்தும் சுற்றின. தீமா தண்ணீர்த் துறையில் பொறியாளர். எந்த மலைக்கு வாரத்தில் எந்த நாள் தண்ணீர் என்று முடிவு செய்யும் பிரிவு. "ஊருக்கே தண்ணி விடுறா என் மக, அப்பன் வீட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைதான்" என்று இத்ரீஸ் எல்லோரிடமும் சொல்லுவார். அன்றும் புறாக்காரனிடம் கத்திச் சொன்னார். அவன் கையசைத்தான்.

வேலை முடிந்தது. அவர் தொட்டியின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவினார்.

"இதுல பேர் எழுதணும்."

"எதுக்கு பாபா? எது யார் தொட்டின்னு கட்டடத்துல எல்லாருக்கும் தெரியுமே."

"இது நமக்கப்புறமும் இருக்கும். எழுதணும்." பிறகு, "கறுப்பு பெயிண்ட், சின்ன டின். ஒல்லியா ஒரு பிரஷ். வியாழக்கிழமை வாங்கிட்டு வந்துடறேன். வெள்ளிக்கிழமை தண்ணி வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

"என்ன எழுதப் போறீங்க?"

முகவரி சரியில்லாத கடிதத்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் தபால் நிலையத்தில் முகவரி பார்த்துக் கடிதம் பிரித்தவர் அவர். அவள் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

புதன்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது இறந்தார். இதயம். எழுபத்திரண்டு வயது. அன்று மாலைத் தொழுகைக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டார்கள்.

இத்ரீஸின் தந்தை பெயர் காலிப். ஆகவே ஊர் வழக்கப்படி இத்ரீஸுக்குப் பிறக்கப்போகும் தலைமகன் பெயரும் காலிப்தான். இதில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு மறுநாளே உறவும் தெருவும் அவரை அபூ காலிப், காலிபின் தகப்பன், என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டன. பிறகு தீமா பிறந்தாள். ஓசையில்லாமல் விடாமல் பெய்யும் மழைக்கு அந்தப் பெயர். அன்று அப்படித்தான் பெய்ததாம். அடுத்து லமீஸ், அடுத்து ஹலா. காலிப் வரவேயில்லை. அவர் மட்டும் காலிபின் தகப்பனாகவே இருந்தார்.

தீமா பிறந்த வருடம்தான் இரும்புத் தொட்டி மாடிக்கு ஏறியது. ஏற்றிய குழாய்க்காரர் யாரையும் கேட்காமல் அதன்மேல் கறுப்பு பெயிண்டால் 'அபூ காலிப்' என்று எழுதிவிட்டுப் போனார்.

ஆறு வயதில் தீமா இப்படி நம்பினாள்: காலிப் என்று ஒருவன் உண்டு. அவன் தொட்டிக்குள் இருக்கிறான். அதனால்தான் மேலே பெயர் போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் காற்று வரும். முதலில் மெல்லிய சீழ்க்கை, பிறகு இருமல், பிறகு எங்கோ உயரத்தில் இரும்புக்குள் ஒரு முழக்கம். அது அவன் பேசுவது. இந்த ரகசியத்தை அவள் லமீஸிடம் மட்டும் சொன்னாள். லமீஸ் ஒரு பிஸ்கட்டை அவனுக்காகத் தனியே எடுத்து வைத்தாள்.

அம்மா ஃபத்ஹியா மருத்துவமனையில் நர்ஸ். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குப் பெரும்பாலும் பகல் வேலை. எனவே தண்ணீர் நாள் இத்ரீஸின் நாள். மூன்று பெண்களும் சமையலறைக் குழாயில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். "வந்துட்டா, வந்துட்டா" என்பார் அவர், வெளியூர் விருந்தாளியைச் சொல்வதுபோல. பிறகு வீடு முழுக்க ஈரம். முதலில் குளியல், குளித்த தண்ணீரில் தரை, தரை கழுவிய தண்ணீர் புதினாத் தொட்டிக்கு. ஒரே தண்ணீர் மூன்று வேலை பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போகும்.

அதன்பின் பால்கனியில் தலை வாருவார். வரிசையாக மூன்று முக்காலி. உள்ளங்கையில் ஆலிவ் எண்ணெய். கடிதம் பிரிக்கும் விரல்கள் வலது, இடது, நடு என்று வகிடு எடுத்துக்கொண்டே போகும். வெயிலில் முடியிலிருந்து ஆவி எழும். துவைத்த போர்வைகள் கொடியில் உப்பும். ஹலா பாதியிலேயே தூங்கிப்போய் அவர் முழங்காலில் சாய்ந்துவிடுவாள். அவள் விழிக்கும்வரை அவர் அசையமாட்டார். தேநீர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும்.

தீமாவுக்கு ஏழு வயதான வருடம் மலையடிவாரத்தில் பெரிய குழாய் உடைந்தது. அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் வரவில்லை. பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. ஆளுக்கு ஒரு செம்பு என்று இத்ரீஸ் கட்டுப்பாடு போட்டார். ஹலாவின் தலையில் ஒட்டியிருந்த பேரீச்சம்பழப் பாகு நான்கு நாளாக அங்கேயே இருந்தது.

அன்று அவர் கடைத்தெருவிலிருந்து வந்து வெறும் பழக்கத்தில் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது.

"பெருநாளுக்காக விட்டுட்டாங்க! நல்லா இருப்பாங்க!" என்று கத்தினார்.

மூவரையும் ஒன்றாகக் குளியல் தொட்டிக்குள் இறக்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் வீட்டில் அந்தத் தொட்டி கழுத்துவரை நிறைந்ததில்லை. ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் உடைந்து கூரையில் மீன்களாக ஓடியது. லமீஸின் முடி பாசிபோல மிதந்தது. தீமா காதுவரை அமிழ்ந்தாள். உலகம் தூரமாகப் போய்விட்டது. பாபாவின் குரல் மட்டும் தண்ணீர் வழியாக வட்டமாக வந்தது. போதும் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

யாரோ கதவை உடைப்பதுபோலத் தட்டினார்கள்.

அந்த வசந்தத்தில் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தவர். ஆள் பருமன். வாகன உதிரிபாகம் விற்பவர். தலை முழுக்க ஷாம்பு காய்ந்து வெள்ளையாக நின்றது. பின்னால் தண்ணீர் லாரி டிரைவர்.

"என் தண்ணி எங்கய்யா?" என்றார் மூன்றாம் மாடிக்காரர். "லாரி சொல்லி வரவழைச்சேன். தலையில நுரையோட நிக்கறேன், குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல!"

"அபூ காலிப் தொட்டியில ஊத்தச் சொன்னீங்க," என்றார் டிரைவர். "அபூ காலிப்னு எழுதியிருந்துச்சு. ஊத்திட்டேன். எழுத்துக் கூட்டிப் படிச்சது ஒரு குத்தமா?"

"நான்தான்யா அபூ காலிப்!"

"நானும்தான்," என்றார் இத்ரீஸ், பழக்கதோஷத்தில்.

"அப்படியா? எங்க, உங்க காலிபைக் கூப்பிடுங்க. பார்ப்போம்."

படிக்கட்டில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. பருமனானவரின் காலுக்குப் பின்னாலிருந்து நான்கு வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். தலையில் துண்டு சுற்றியபடி தீமா அவனையே பார்த்தாள். கடைசியில் காலிப் தொட்டியைவிட்டு வெளியே வந்துவிட்டான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

தரைத்தள வீட்டு உம் ஸுப்ஹி, ஸுப்ஹியின் தாய், மேலே பார்த்துச் சொன்னாள்: "மனுஷனை அப்படிக் கேக்காதீங்க. ஆண்டவன் குடுப்பான், பொறுங்க."

"குடுத்துட்டான் உம் ஸுப்ஹி," என்றார் இத்ரீஸ். "மூணு தடவை குடுத்தான். மூணும் இப்பத்தான் குளிச்சுட்டு நிக்குதுங்க, பாருங்க." அவர் கை தீமாவின் துண்டின்மேல் இருந்தது. நீரில் ஊறி விரல்நுனி சுருங்கிய கை. "தண்ணி உங்களோடது அய்யா. தப்பு எங்க தொட்டி மேல. அதுல இருக்கற பேர் என்னோடது இல்ல. நான் அபூ தீமா."

உம் ஸுப்ஹி வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் தரையைப் பார்த்தார்.

"சரி, அபூ தீமா," என்றார் பருமனானவர். "என் தலைக்கு ஒரு வழி பண்ணுங்க. அரிக்குது."

இத்ரீஸ் குழாய் போட்டு, மிச்சமிருந்த தண்ணீரை அவர் தொட்டிக்கு மாற்றினார். குறைந்ததை அடுத்த வெள்ளிக்கிழமை தந்தார். பெருநாள் அன்று கம்பி பிரஷால் அந்த இரண்டு சொற்களையும் தேய்த்து எடுத்தார். சரியான பெயரை அடுத்த வாரம் எழுதுவதாகச் சொன்னார். அடுத்த வாரங்களில் மூன்று தலைகள் இருந்தன, துவைக்க ஒரு மலை இருந்தது. முப்பது வருடம் போயிற்று. கட்டடத்தில் அவர் அபூ தீமா ஆனார். உறவுக்காரர்களுக்கு மட்டும் கடைசிவரை அபூ காலிப்.

புதன்கிழமை அடக்கம் முடிந்ததும் சித்தப்பா நவ்வாஃப் கட்டட வாசலில் ஒரு காகிதம் ஒட்டினார். 'அபூ காலிப் இல்லத் துக்கம்.' கீழே ஓர் அம்புக்குறி.

வியாழக்கிழமை காலைதான் தீமா அதைப் பார்த்தாள். கீழே பந்தலில் ஆண்கள் சர்க்கரையில்லாத காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவைப் படிக்கட்டுக்கு அழைத்தாள்.

"பேரை மாத்துங்க சித்தப்பா."

"மூணு நாள் விஷயம்மா. ஊருக்கு இப்படிச் சொன்னாத்தான் தெரியும்."

"அவர் பேர் அது இல்ல."

"பொண்ணு பேரை வாசல்ல ஒட்டறது நல்லாவா இருக்கும்? ஆம்பளைங்க வர்ற இடம். நீ படிச்சவ, உனக்கே தெரியணும். மேல போ, அம்மாவைப் பாரு."

வாழ்நாள் முழுக்க ஒரு கடிதத்தையும் தவறான பெட்டியில் போடாத மனிதர். அவரையே தவறான பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தீமா மேலேறினாள். லமீஸும் ஹலாவும் அம்மாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பேரீச்சம்பழத் தட்டை யாரோ தீமாவின் கையில் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பிற்பகல் படிக்கட்டில் பெரிய சத்தம். வியாபாரமாக அக்கபாவுக்குப் போயிருந்த மூன்றாம் மாடிக்காரர் திரும்பியிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் கிழித்தெடுத்த காகிதம்.

"நவ்வாஃப்! நான் இன்னும் சாகலை!"

"ஆண்டவன் காப்பாத்துவான், என்ன பேச்சு இது?"

"யாரோ இதைப் படிச்சுட்டுச் சொல்லி, ஸர்காவிலிருந்து என் மச்சானுங்க ஆறு பேர் சோத்துத் தாம்பாளத்தோட வந்து என் வீட்ல உக்காந்து அழுதுட்டிருக்காங்க. என் பொண்டாட்டி சொல்லச் சொல்ல நம்ப மாட்டேங்கறாங்க. என்னைப் பார்த்ததும் ஒருத்தன் மயங்கிட்டான்! இந்தக் கட்டடத்துல அபூ காலிப் நான் ஒருத்தன்தான்யா."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு, இருமல்போல ஆக்கினார்கள். மேலே, ஃபத்ஹியா இரண்டு நாளில் முதல்முறையாக முகத்தை நிமிர்த்தினாள்.

பருமனானவரின் குரல் தணிந்தது. "முப்பது வருஷம் முன்னாடி இதே படியில நின்னு அவரே சொன்னாரு. நான் காதால கேட்டேன். நீ அன்னிக்கு இல்ல. இப்பக் கேட்டுக்க. பேனா இருக்கா?"

காகிதத்தைச் சுவரில் வைத்துப் பின்பக்கத்தில் எழுதி, மறுபடி வாசலில் ஒட்டினார். நவ்வாஃப் தடுக்கவில்லை. பிறகு அவரே ஒரு கோப்பை காப்பியை ஊற்றிப் பருமனானவரிடம் நீட்டினார். அதன்பின் வந்த ஒவ்வொருவரும் வாசலில் நின்று படித்துவிட்டுச் சொன்னது படிக்கட்டு வழியாக மேலே வந்தது. அபூ தீமாவுக்கு ஆண்டவன் கருணை காட்டட்டும். சிலருக்கு நாக்கு தடுக்கியது. சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் நின்று, எத்தனை பேர் என்று எண்ணாமல் தீமா கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குழாயில் சீழ்க்கை எழுந்தது. சமையலறையில் பேச்சு நின்றது. லமீஸ் சுவரில் காதை ஒட்டினாள். ஹலாவும். இருமல். பிறகு முழக்கம் வரவில்லை. பிளாஸ்டிக் தொட்டி. எங்கோ உயரத்தில் சிறு மழை பெய்வதுபோல மட்டும் கேட்டது.

"மேல போய்ப் பாரு," என்றாள் ஃபத்ஹியா. "வழிஞ்சிடப் போகுது."

வழியாது என்று தீமாவுக்குத் தெரியும். போனாள். மூடியைத் திறந்து கையைத் தோள்வரை விட்டாள். பந்து அவள் உள்ளங்கைக்குள் மெல்ல உயர்ந்து வந்தது. குறித்த உயரத்தில் நின்றது. தண்ணீரும் நின்றது. கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. வெயிலில் தொட்டியின் பக்கவாட்டு வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. எதிர்மாடியில் புறாக்கள் கூண்டுக்குள் இருந்தன.

சனிக்கிழமை, மிதவைக்குப் போக மிஞ்சிய ஒரு வளையத்தைத் திருப்பிக் கொடுக்கத் தெருமுனை இரும்புக் கடைக்குப் போனாள். கடைக்காரர் எழுந்து நின்றார். ஆறுதல் சொன்னார். பிறகு மேசைக்கடியில் குனிந்தார்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் பண்ணி எடுத்து வைக்கச் சொன்னாரும்மா."

கறுப்பு பெயிண்ட், சின்ன டின். ரப்பர் வளையத்தில் சேர்த்துக் கட்டிய ஒல்லி பிரஷ். மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது:

அபூ தீமா. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார்.