உனாய் இருக்கிற இடம்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள். வேறு எவனாவது இதைச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவன் நான். கதை கட்டத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

போன குளிர்காலம். என் மகள் லிதியா ஒரு பழைய வேன் வாங்கினாள். உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன மேசை. குளிர் முடியும்வரை ஸ்பெயினின் தெற்கே ஊர் ஊராகப் போவது, போகிற இடத்திலிருந்தே மட்ரீத் கம்பெனிக்குக் கணினியில் வேலை செய்வது. இதுதான் அவள் திட்டம்.

"நீ ஓட்டுப்பா. நான் பின்னால உக்காந்து வேலை பாக்குறேன்" என்றாள்.

எழுபது தாண்டிய வயதில் மறுபடியும் ஸ்டியரிங். முதுகு விட்டுப்போனது. எனக்கு அந்த வேலையிலும் நம்பிக்கையில்லை. முதலாளியின் முகத்தை ஒருதரம்கூட நேரில் பார்க்காமல் செய்வதெல்லாம் ஒரு வேலையா?

தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கணினியில் கூடுவார்கள். திரையில் ஆளுக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். சிக்னல் போதாது என்று முகத்தைக் காட்டமாட்டார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று ஒவ்வொருவராக ஒப்பிக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தமாம்.

அந்த வாரம் லிதியாவுக்குக் கழுத்தில் கத்தி. வெள்ளிக்கிழமையோடு வேலையில் அவளுடைய சோதனைக் காலம் முடிகிறது. அன்று காலைக்குள் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். பாதி அவளிடம். மீதி கூட வேலை செய்கிற உனாயிடம். உனாய் பில்பாவோக்காரன். அவனும் எங்களைப்போல வேனில் திரிகிறவன். எங்களுக்கு முன்பே செகூரா மலைக்குள் போயிருந்தான்.

திங்கட்கிழமை அவன் முறை வந்தது.

"நேத்து இருந்த இடத்துலயேதான் இருக்கேன். வேலை நடக்குது."

செவ்வாயும் அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"பய தூங்குறான்" என்றேன்.

"நீ சும்மா இருப்பா. பச்சைப் புள்ளி எரியுதுல்ல?"

"நம்ம வீட்டு நாய்கூடத்தான் கண்ணு முழிச்சிருந்துச்சு. அது வேலையா பாத்துச்சு?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை.

எனக்கு ஒன்று உறுத்தியது. மற்றவர்கள் பேசும்போது பின்னால் கரண்டி விழும், குழந்தை அழும். உனாய் பேசும்போது எதுவுமே கேட்காது. மூச்சுகூட...

புதனும் அவன் எதையும் அனுப்பவில்லை. வியாழன் மத்தியானம் லிதியா அவனுக்குப் போன் செய்தாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தான்.

"இங்கேருந்து அனுப்ப முடியல. நீயே வந்து வாங்கிக்க. அணையைத் தாண்டி, காட்டு ரோடு."

அணைக்கரை ஊரில் ஒரு பாரில் நிறுத்திப் பூண்டு சூப் குடித்தோம். ஆலிவ் பறித்துவிட்டு வந்திருந்த தமியான் என்ற ஆளிடம் வழி கேட்டேன்.

"அந்த ரோடா? ஞாயித்துக்கெழமை பனி கொட்டுனதுலேருந்து ஒரு ஆடுகூட அங்க போகல பெரியவரே. குளிர்ல மலையேறுறது வெளியூர்ப் பைத்தியங்கதான். உங்களப் பாத்தா நல்ல மனுஷனா தெரியுது."

வெளியே வந்ததும் சொன்னேன்.

"வேணாம் புள்ள. திரும்பிரலாம்."

"திரும்பி? ரெண்டு வருஷம் வேலையில்லாம உன் சோபாவுலயே படுத்துக் கெடந்தேன். இன்னொரு தரம் என்னால முடியாதுப்பா."

அழவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அதற்கு மேல் என்ன பேச? வண்டியை எடுத்தேன்.

பொழுது சாய்கிற நேரம். அணையிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள். சாலைமேல் பனி. அதில் ஒரு டயர் தடம்கூட இல்லை.

லிதியா முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் அவள் மடியில்.

போனில் உனாயின் குரல் வந்தது.

"உங்க லைட் தெரியுது. வாங்க..."

"எங்கடா நிக்கிற?" என்றேன்.

"நேராத்தான். வாங்க, எலாதியோ."

மகளைப் பார்த்தேன்.

"என் பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லலப்பா..."

போனைத் திருப்பிக் காட்டினாள்.

சிக்னல் இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

"இன்னும் கொஞ்சம்... நேரா வாங்க..."

மூடுபனியில் குரலை நம்பி வண்டி ஓட்டுகிறவன் நான் இல்லை. எந்த டிரைவரும் ஓட்டமாட்டான். கண் தெரியாத இடத்தில் நாங்கள் கேட்பது ஹாரனைத்தான்.

"உன் ஹாரனை அடி. சத்தம் கேட்டு வர்றேன்."



பிறகு கேட்டது.

நீளமான ஒரு ஹாரன்... போனில் இல்லை. வெளியே.

முன்னாலிருந்து வரவில்லை.

கீழே இருந்து.

எங்கள் காலுக்கு நேர் கீழே...

பிரேக்கை மிதித்தேன். கைபிரேக்கை இழுத்தேன். டார்ச்சோடு இறங்கினேன்.

சாலை இடதுபக்கம் வளைந்து போயிருந்தது.

நாங்கள் வளையவில்லை.

முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, தரை இல்லை. வெறும் மூடுபனி.

"இன்னும் கொஞ்சம்தான், எலாதியோ..."

லிதியா போனை அணைத்தாள். அந்த மலைப்பாதையில் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். அணைக்கரை ஊருக்கு வந்து காவலர்களைக் கூப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கினார்கள். ஒரு வேன் தலைகீழாகக் கிடந்தது. உள்ளே உனாய். ஞாயிற்றுக்கிழமையே செத்திருக்கிறான் என்றார்கள். வண்டியின் முன்பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. பேட்டரி பிய்ந்து பாறையில் கிடந்தது.

"இதுல எப்படி ஹாரன் அடிக்கும் பெரியவரே?" என்றார் ஒரு காவலர்.

வாக்குமூலம் எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. லிதியாவின் கணினி வேனுக்குள் பையிலேயே இருந்தது. போனை முந்தின இரவு அணைத்ததுதான். காலைக் கூட்டம் போச்சு, வேலையும் போச்சு என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் உனாய் செத்ததைச் சொல்ல வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும். காவல் நிலையத்துப் போனிலிருந்து மட்ரீதுக்குப் பேசினாள். நானும் காதை வைத்துக் கேட்டேன்.

மேலதிகாரி பெகோன்யா என்ற அம்மாள். லிதியா மன்னிப்பு என்று தொடங்கியதுமே குறுக்கிட்டாள்.

"எதுக்கும்மா மன்னிப்பு? எல்லாம் வந்து சேந்துடுச்சு. உன் வேலை உறுதி, கவலைப்படாத."

"காலையில நான் கூட்டத்துக்கு வர முடியலம்மா..."

"என்னடி ஒளறுற? ஒன்பது மணிக்கு உன் முறை வந்தப்ப நீதான பேசுன? எல்லாரும் கேட்டோமே."

லிதியாவின் கையிலிருந்து போனை வாங்கினேன். நான்தான் கேட்டேன்.

"என்ன சொன்னா?"

"நீங்க அவங்க அப்பாவா? உங்களப் பத்தியும் சொன்னாளே. 'வேலை முடிஞ்சுது. நான் இப்ப உனாய் இருக்கிற இடத்துலதான் இருக்கேன். அப்பாவும் கூட வந்துட்டாரு'ன்னு."