எண்ணூர் சாலையில் ஓர் உலகக் கண்காட்சி

கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ நகராமல் நின்ற ஒரு காலையில்தான் அந்த யோசனை தோன்றியது. இடிந்த மதில் வழியே, மூடிப்போன தொழிற்சாலை வளாகம் தெரிந்தது. நடுவில் தூணே இல்லாத பெரிய ஷெட்டுகள், பின்னால் கடல். நகரத் திட்டமிடல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். உலகக் கண்காட்சியை இங்கே நடத்தினால் என்ன? ஆறு மாதம் நாடுகள் வந்து அரங்கு போடட்டும். போன பிறகு அரங்குகள் எங்களுக்கு. ஒன்று மீன் அங்காடி, ஒன்று ஆஸ்பத்திரி, ஒன்று பிள்ளைகள் விளையாட. அன்றே வரையத் தொடங்கினேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருக் கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். எதிர்வீட்டு அண்ணன் சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்காரர்; பழைய ஷெட்டுகளை நின்ற நிலையிலேயே விலை பேசி வாங்கிப் பிரிப்பவர். படத்தையும் அப்படித்தான் பார்த்தார்.

"முட்ஞ்ச அப்பால யார் மாமு பிரிக்கிறது?"

"பிரிக்கவே போறதில்லண்ணே. அதான் திட்டமே."

"நம்ம ஏரியால நமக்குன்னு இன்னா நின்னுகீது, இது நிக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மதிலோரம் வெயிலில் மீன் விற்கும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அத்த வுடு நைனா. நீ உலகத்தக் கூட்டியாந்தா இந்த லாரிங்கோ எங்க நிக்கும்?"

என் படத்தில் சாலை இருந்தது, மரங்கள் இருந்தன. லாரி ஒன்றுகூட இல்லை.

போன வாரம் தொழிற்சாலை கேட்டில் பலகை மாட்டினார்கள்: கன்டெய்னர்களை இறக்கி அடுக்கும் யார்டு வருகிறது. தெருவுக்கு நிம்மதி. லாரிகள் உள்ளே போய்விடும், பஸ் நேரத்துக்கு வரும் என்றாள் அம்மா. அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என்னைச் சாகடித்தது. வழி விட்டால் போதும் என்றே பழகிவிட்டோம். அதற்கு மேல் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

ஷெட்டுகளைப் பிரிக்கும் வேலை அண்ணனுக்கே வந்திருக்கிறது. சாலையோர ஷெட்டை மட்டும் மீன் விற்பவர்களுக்கு விட்டுவைக்கச் சொல்லி யார்டு முதலாளியிடம் கேட்கப்போகிறேன் என்றேன்.

"அந்தாளு தரமாட்டான். இருந்தாலும் அத்த கடைசியா பிரிக்கிறேன், போய்ட்டு வா."

எனக்கும் நம்பிக்கை இல்லை. மற்ற ஷெட்டுகளில் நேற்றே கூரைத் தகடுகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்: ஒரே ஒரு ஷெட், சாலைப் பக்கம் அதற்குத் தனி வாசல். திங்கட்கிழமை காலை யார்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போகிறேன். அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு அக்காவும் கூட வருகிறார்.